பழைய காருக்கு டியூனிங் எப்போது?

பழைய காரை எத்தனை நாளுக்கு ஒருமுறை டியூன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை கைவசம் இருக்கிறது. ஐயாயிரம் கிலோமீட்டர் என்பார் ஒருவர். ஆறு மாதம் என்பார் இன்னொருவர். ஓடுகிறவரை தொடாதே என்பார் மூன்றாமவர். மூன்றும் ஏதோ ஒரு வண்டிக்கு, ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்தவையே. ஆனால் டியூனிங் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருவேறு செயல்கள் அடங்கியுள்ளன: திறந்து பார்ப்பது ஒன்று, கழற்றி மாற்றுவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே கால அளவைப் பொருத்த முயல்வதால்தான் விடைகள் முரண்படுகின்றன. மைசூரில் 39 ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கும் பிரீமியர் பத்மினி ஒன்றின் அனுபவம் இதை விளக்கப் போதுமானது.

அந்த வண்டியின் உரிமையாளர் ஒரு மொழியியல் பேராசிரியர். மானசகங்கோத்திரியில் 1969 முதல் இயங்கிவரும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நெல்லைப் பக்கத்திலிருந்து வேலைக்காக மைசூர் வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். 1986இல் அவர் பெயரில் வாங்கப்பட்ட வண்டியைப் பெரும்பாலும் ஓட்டியவர் அவர் மனைவி. பள்ளி ஆசிரியையாக இருந்த அந்த அம்மையார், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கும் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றார். வேறு வண்டி அவருக்குக் கை வரவில்லை. இப்போது அது வாரம் ஒருமுறை குவெம்புநகரிலிருந்து நஞ்சன்கூட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்புகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2500 கிலோமீட்டர். மற்ற நாள்களில் போர்வைக்குள் நிற்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், இருட்டும் நேரம், நஞ்சன்கூடு சாலையில் வண்டி நின்றுபோனது. இரு பக்கமும் லாரிகள். அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு தானே கிளம்பியது. ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் மறுபடி நின்றது. பெங்களூரில் இருக்கும் மகள் அன்றிரவு தொலைபேசியில் சொன்னது சுருக்கமானது: “அப்பா, இனிமே அம்மா இதுல தனியாப் போகக் கூடாது. வித்துடுங்க.” சற்று நேரம் கழித்து அவளே, “இல்லைன்னா எத்தனை நாளைக்கு ஒருதடவை பார்த்தா இதை நம்பலாம்னு எனக்குச் சொல்லுங்க” என்றாள்.

நியாயமான கேள்வி. இடைவெளி என்பது இயந்திர நுட்பம் தொடர்பானதாகத் தோன்றினாலும் அடிப்படையில் நம்பிக்கை தொடர்பானது. இன்று பார்த்த வண்டியை எந்த நாள்வரை சோதிக்காமல் நம்பலாம் என்பதே அதன் பொருள். பேராசிரியரிடம் விடை இல்லை. விடையைக் கண்டறியும் வழி மட்டும் இருந்தது: இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவந்த ஒரு நோட்டுப் புத்தகம்.

நோட்டைத் திறக்கும் முன் டியூனிங் என்ற சொல்லின் பழைய பொருளை நினைவுகூர்வது நல்லது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி, பல பத்தாண்டுகளாக, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரு சிறு உலோக முனைகள் ஒட்டிப் பிரிவதால் பிறந்தது. 1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செப்பம் செய்த ஏற்பாடு இது. பட்டறை மொழியில் அம்முனைகளுக்குப் பாயிண்ட் என்று பெயர். அவை முழுதாகத் திறந்திருக்கும்போது இடையிலுள்ள வெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு நூறு முறை, ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 முறை பாயிண்ட் திறந்து மூடுகிறது.

இந்த வேலையில் இரண்டு தேய்மானங்கள் நிகழ்கின்றன. ஒவ்வொரு பொறியிலும் உலோக முனை நுண்ணளவில் அரிக்கப்படுகிறது. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சிறு குதிகால் போன்ற பகுதியும் சுழலும் கேமில் உரசித் தேய்கிறது. அது தேயத் தேய இடைவெளி குறுகும், குறுகினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி பிந்தும். வண்டி மேட்டில் இழுக்காது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சூடேறும். இந்தத் தேய்மானம் ஓடிய தூரத்துக்கு ஏற்பச் சீராக வளர்வது. ஆகவேதான் அக்காலக் கையேடுகள் பொதுவாக 5000 கிலோமீட்டரில் பாயிண்டையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லின. 10,000 அல்லது அதைச் சற்றுக் கடந்ததும் மாற்றச் சொல்லின. ஐயாயிரம் என்ற எண் குதிகால் தேயும் வேகத்திலிருந்து வந்தது.

பத்மினி அந்தத் தலைமுறை வண்டி. இத்தாலியின் ஃபியட் 1100 வகையை அடியொற்றி 1964 முதல் பம்பாயில் தயாராகி, 1974இல் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. 1089 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர். அதன் முன்கதையில் மைசூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1930களின் நடுவில் விசுவேசுவரய்யா தீட்டிய மோட்டார்த் தொழிற்சாலைத் திட்டத்தில் வால்சந்த் ஹீராசந்த் கைகோத்தார். மைசூர் சமஸ்தானம் ஆதரவளிக்க முன்வந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசின் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. வால்சந்தின் பிரீமியர் நிறுவனம் 1944இல் பம்பாயில் உருவானது. மைசூருக்குக் கார் தொழிற்சாலை கிட்டாவிட்டாலும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை கிட்டியது. யாதவகிரியில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் 1996இல் மூடப்படும்வரை ஜாவா, எஸ்டி வண்டிகளைத் தயாரித்தது. அவையும் பாயிண்ட் வண்டிகள். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மைசூரின் சந்துகளில் பட்டறை வைத்தவர்களுக்கு அரை மில்லிமீட்டர் என்பது கைப்பழக்கமாகவே இருந்தது.

பேராசிரியரின் மெக்கானிக்கும் அவர்களில் ஒருவர். மண்டி மொகல்லாவில் பட்டறை. ஜாவா வேலையில் தொடங்கிப் பிறகு காருக்கு வந்தவர். தக்கினியும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பேராசிரியருக்கு அவர் ‘பாய்’; அவருக்குப் பேராசிரியர் ‘ஸார்’. ஃபீலர் கேஜைப் பட்டறையில் எல்லாரும் ‘ஃபில்லர் கேஜ்’ என்பதை மொழியியலாளர் முதல் நாளே குறித்துக்கொண்டார். இடைவெளியை நிரப்பிப் பார்க்கும் தகடுகளுக்கு அந்தப் பெயர் மூலப் பெயரைவிடப் பொருத்தம் என்பது அவர் கருத்து. முதல் ஆண்டுகளில் நோட்டில் இத்தகைய சொற்களே அதிகம். பின்னர் மெல்ல மெல்ல எண்கள் வந்தன: தேதி, கிலோமீட்டர், பாயிண்ட் இருந்த நிலை, பிளக்கின் நிறம், செய்த வேலை, செய்யாமல் விட்ட வேலை.

செய்யாமல் விட்ட வேலையையும் எழுதியது முக்கியமானது. பாய் பல முறை பாயிண்டைத் திறந்து, தகட்டைச் செருகி, “நல்லாத்தான் இருக்கு ஸார், விடுங்க” என்று மூடியிருக்கிறார். பட்டறை ரசீதில் இது ஏறாது; காசு வாங்காத வேலைக்கு ரசீது எது? நோட்டில் மட்டும் இருந்தது. நஞ்சன்கூடு நிகழ்ச்சிக்குப் பிறகு பேராசிரியர் அந்தப் பதிவுகளைத் தனியே எடுத்து எழுதியபோது இரண்டு செய்திகள் புலப்பட்டன.

முதலாவது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த வண்டியின் பாயிண்டைக் கெடுத்தது தூரம். ஓய்வுக்குப் பிறகு கெடுத்தது நிற்றல். ஆண்டுக்கு 2500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 5000 கிலோமீட்டர் என்ற கணக்கைப் பிடித்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க நேரும். அதற்குள் மழைக்காலம் இருமுறை வந்து போயிருக்கும். நிற்கிற வண்டியில் பாயிண்டின் முகத்தில் மெல்லிய படலம் படிகிறது, மூடிக்குள் ஈரம் இறங்குகிறது, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மிஞ்சுகிறது, பேட்டரி இறங்குகிறது. பாய் இதைத் தம் வழியில் பல முறை சொல்லியிருக்கிறார்: “ஓடுற வண்டி தேயும் ஸார். நிக்கிற வண்டி கெடும்.” தேய்வதற்குக் கிலோமீட்டரும் கெடுவதற்கு மாதமும் அளவு. கையேடு இரண்டையும் எழுதி ‘எது முந்தியோ அது’ என்று சேர்ப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது செய்தி எதிர்பாராதது. வண்டி வழியில் நின்ற நாள்களைப் பட்டியலிட்டபோது, அவற்றில் பல, நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட காலத்தில் நிகழவில்லை. பெரிய வேலை பார்த்த சில வாரங்களுக்குள் நிகழ்ந்திருந்தன. நஞ்சன்கூடு நிகழ்ச்சியும் அப்படித்தான். அதற்குப் பதினைந்து நாள் முன்பு பாய் உடல்நலமின்றி இருந்ததால் வண்டி வேறொரு பட்டறைக்குப் போயிருந்தது. ‘ஃபுல் டியூனிங்’ என்று பாயிண்ட், கண்டென்சர், பிளக் நான்கு, எல்லாம் புதிதாக மாற்றப்பட்டன. கார்புரேட்டரும் பிரித்துக் கழுவப்பட்டது. பாய் தேறி வந்து மூடியைத் திறந்தபோது புதுப் பாயிண்டின் முகம் கருகியிருந்தது. பாயிண்ட் அவ்வளவு விரைவில் கருகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சர். சூடானதும் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறும் கண்டென்சர் ஒரு நோயாளிபோல் நடந்துகொள்ளும். வண்டி நின்று, அரைமணியில் கிளம்பியதன் விளக்கம் அதுவே. கழற்றிய பழைய கண்டென்சரைப் பேராசிரியரின் மனைவி கேட்டு வாங்கி டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பாய் அதையே மறுபடி மாட்டினார். வண்டி சீராக ஓடியது.

கல்விப்புலத்தினருக்கு இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வரலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோர விமானப் பிரிவில் செயலாய்வுக் குழுவில் பணியாற்றியவர் கான்ராட் வாடிங்டன். கருவியல் அறிஞர், எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லைப் பரப்பியவர். விமானங்கள் குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் கட்டாயப் பராமரிப்புக்கு உட்படுத்தப்பட்டன. எதிர்பாராத பழுதுகள் எப்போது நிகழ்கின்றன என்று அக்குழு கணக்கிட்டபோது, பராமரிப்பு முடிந்த உடனேயே அவை மிகுதியாகவும், நேரம் செல்லச் செல்லக் குறைவாகவும் இருந்தன. நன்றாக இயங்கியதைத் திறந்து கலைத்ததே பழுதுக்குக் காரணமாயிருந்தது. இவ்வாய்வை விவரிக்கும் அவருடைய நூல் 1973இல்தான் வெளிவந்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 1978இல், யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நோலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை அளித்தனர். விமான உறுப்புகளில் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே வயது ஏறஏறப் பழுதாகும் இயல்புடையவை. எஞ்சிய 89 விழுக்காட்டுக்கு ‘இத்தனை மணி நேரத்தில் மாற்று’ என்ற விதியால் பயனில்லை என்பது அவர்கள் கண்டது. பழைய காரின் உறுப்புகளையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். பாயிண்டின் குதிகால், பிளக்கின் முனை, வால்வை இயக்கும் டேப்பட்டின் இடைவெளி, காற்று வடிகட்டி ஆகியவை தேயும் அல்லது அடையும். அவற்றுக்குக் காலக்கெடு பொருந்தும். கண்டென்சர், இக்னிஷன் காயில் போன்றவை முன்னறிவிப்பின்றிப் போகும். அவற்றை ஆண்டுதோறும் புதிதாக்குவது பாதுகாப்பைக் கூட்டாது. உதிரிப்பாகத்தின் தரம் இறங்கிவிட்ட நிலையில் ஆபத்தையும் கூட்டலாம்.

ஆகவே மகளின் கேள்வியைப் பேராசிரியர் இரண்டாக உடைத்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? ஆறு மாதம். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? பார்த்தபோது கண்டதைப் பொறுத்து. முதல் கேள்விக்கு நாள்காட்டி விடை சொல்லும். இரண்டாவதற்கு நோட்டுதான் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் என்பதற்கு ஒரு வசதியான காரணமும் உண்டு. பி.எஸ்.4 தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் ஆறு மாதமே செல்லும். பெரும்பாலோர் அந்தச் சீட்டைக் காவலர் கேட்டால் காட்ட மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன: கார்பன் மோனாக்சைடின் விழுக்காடு ஒன்று, எரியாத ஹைட்ரோகார்பனின் அளவு மற்றொன்று. பத்மினி காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு முறையே 3 விழுக்காடும் 1500 பிபிஎம்மும் வரம்பு. வரம்புக்குள் இருக்கிறதா என்பதைவிடச் சென்ற முறையிலிருந்து எப்படி நகர்ந்திருக்கிறது என்பது பயனுள்ள செய்தி. முதல் எண் ஏறினால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது: சோக் முழுதும் திறக்கவில்லை, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டரின் ஃப்ளோட் மட்டம் உயர்ந்திருக்கிறது. இரண்டாம் எண் மட்டும் ஏறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி தவறுகிறது: பிளக்கையும் பாயிண்டையும் பார்க்க வேண்டும். எறியாமல் வைத்திருந்த சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒட்டியபோது பேராசிரியருக்கு வண்டியின் நோய்க் குறிப்பேடு கிடைத்தது.

பார்க்கும் இரு நாள்களில் ஒன்று தசராவை ஒட்டி அமைந்தது. அரண்மனையில் ஆயுதங்களுக்கும் யானை குதிரைகளுக்கும் கார்களுக்கும் பூசை நடக்கும் ஆயுத பூசை நாளில் மைசூரின் ஒவ்வொரு சந்திலும் வண்டிகள் கழுவப்படுகின்றன. பட்டறைகளில் முந்தைய வாரம் முழுவதும் கூட்டம். நகரம் முழுதும் ஆண்டுக்கு ஒருமுறை தன் கருவிகளைத் திறந்து பார்க்க ஒரு நாளைக் குறித்து வைத்திருப்பது, நிற்கிற வண்டிக்கு மாதமே அளவு என்ற பாயின் கூற்றோடு நன்றாகவே பொருந்துகிறது. பூசை போடுபவருக்கு நினைவூட்டல் தனியே தேவையில்லை.

பார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. நோட்டில் பாய் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பக்கம் அது. முதலில் டேப்பட் இடைவெளி, பிறகு பிளக், பிறகு பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகே டைமிங், கடைசியாகத்தான் கார்புரேட்டர். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங் மாறும். டைமிங்கை மாற்றினால் பாயிண்ட் இடைவெளி மாறாது. எனவே முன்பின் மாறினால் செய்த வேலை வீண். கார்புரேட்டர் திருகு கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் எல்லாரும் முதலில் அதையே திருகுகிறார்கள். பொறியில் இருக்கும் குறையைப் பெட்ரோலைக் கூட்டி மறைத்தால் ஒரு வாரம் வண்டி நன்றாக இருப்பதுபோல் தோன்றும்; பிறகு பிளக் கரி பிடிக்கும்.

கையேடு அறியாத இரண்டு செய்திகளையும் அந்தப் பக்கம் பேசுகிறது. ஒன்று உயரம். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர். காற்றழுத்தம் சென்னையைவிட எட்டு ஒன்பது விழுக்காடு குறைவு. சென்னையில் சரியாக வைத்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைச் சற்று மிகையாகக் கொடுக்கும். 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகைக்கு ஏறினால் இன்னும் மிகை. பாய் தம் வேலையைச் சாமுண்டி மலை ஏற்றத்தில் சோதிப்பதே வழக்கம்: மூன்றாம் கியரில் தட்டாமல், திணறாமல் ஏறினால் டைமிங் சரி. மற்றொன்று எரிபொருள். 2025க்குள் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் வைத்த கார்புரேட்டருக்கு அது நீர்த்த கலவை; பிளக்கின் முகம் பழுப்பிலிருந்து வெளுப்பை நோக்கி நகரும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயாபிரத்தையும் தளர்த்தும். நிற்கிற வண்டிக்கு இரண்டுமே பகை. 1986இல் அச்சான அட்டவணையை இன்று எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவை யாவும் பாயிண்டும் கார்புரேட்டரும் உள்ள வண்டிக்குரியவை. பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷனும் கார்புரேட்டரும் உள்ள இடைக்கால வண்டிகளில் முதல் பாதி வேலை மறைந்துவிட்டது. 2000க்குப் பின் பரவிய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களில் பொறியின் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் கணினி தானே திருத்திக்கொள்கிறது. பழைய பொருளில் டியூனிங் என்ற வேலையே அங்கு இல்லை. பிளக், காற்று வடிகட்டி, த்ராட்டில் பகுதியில் படியும் கரி, இவ்வளவே எஞ்சியவை. ஆயினும் ரசீதுகளில் சொல் நீடிக்கிறது. செயல் மறைந்த பின்னும் சொல் தொடர்வது மொழியியலில் புதிதன்று. இங்கே அதற்கு விலைப்பட்டியலும் உண்டு என்பதே வேறுபாடு. பதினைந்து வயதான இன்ஜெக்ஷன் காருக்கு ‘டியூனிங்’ என்று எழுதிக் கொடுக்கப்பட்டால் எந்தப் பகுதியைப் பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்பது உரிமையாளரின் கடமை.

பேராசிரியரின் வீட்டில் பேச்சு அங்கே முடியவில்லை. பத்மினியின் பதிவு முதலில் பதினைந்து ஆண்டுக்கும் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்கும் நீட்டிக்கப்பட்டு வந்தது. அடுத்த புதுப்பித்தல் 2026. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அதன் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய். ஐம்பது ஆண்டு நிறைந்தால் வின்டேஜ் என்று தனிப் பதிவு கிடைக்கும். நாற்பதை நெருங்கும் வண்டிக்கு அந்த மரியாதை இல்லை. பாயும் பட்டறையைக் குறைத்துக்கொண்டு வருகிறார். கை நடுங்குகிறது, தகட்டை இடைவெளியில் செருகும்போது உணர வேண்டிய அந்த மெல்லிய பிடிப்பைத் தம் விரல் இப்போது சொல்வதில்லை என்கிறார். பட்டறையை ஏற்றிருக்கும் அவருடைய தம்பி மகன் ஸ்கேனர் வைத்து வேலை பார்ப்பவர். பாயிண்ட் வண்டியைப் பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி.

வண்டியை விற்பதா வைத்திருப்பதா என்பது உண்மையில் அந்த இளைஞரைப் பொறுத்தே இருந்தது. பேராசிரியர் நோட்டை முழுதாகப் படியெடுத்து, புகைச் சீட்டுகளின் வரிசையோடு அவரிடம் கொடுத்தார். மொழியைப் பதிவு செய்து பழகியவர் ஆதலால், பாயின் சொற்களை அவர் சொன்னபடியே விட்டிருந்தார்: ‘பிடிச்சு விடணும்’, ‘இறுக்கினா தப்பு’, ‘கேட்டுப் பாரு, இருமுது.’ விரலின் உணர்வைச் சொல்லால் கடத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும். எங்கே விரலை வைக்க வேண்டும், எந்த வரிசையில் வைக்க வேண்டும், எப்போது வைக்காமல் விட வேண்டும் என்பவற்றைக் கடத்தலாம்.

சென்ற மாதப் புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் எண் முந்தைய இரு சீட்டுகளையும்விடச் சற்று ஏறியிருந்தது, வரம்புக்குள்தான். இளைஞர் மூன்று சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கார்புரேட்டரைத் தொடவில்லை. பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்றாவது மட்டும் கறுத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து மாட்டினார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்டில் தகட்டைச் செருகி, இழுத்துப் பார்த்து, பெரியப்பாவின் கையிலும் கொடுத்து ஒருமுறை இழுக்கச் சொன்னார். பாய் தலையசைத்தார். “மாத்த வேணாம் ஸார்” என்றார் இளையவர். நோட்டில் அவருடைய கையெழுத்தில் முதல் பதிவு விழுந்தது: தேதி, கிலோமீட்டர், பிளக் மூன்று சுத்தம், பாயிண்ட் பார்த்தது, மாற்றவில்லை.

மகளுக்குப் பேராசிரியர் எழுதிய விடை நான்கு வரிதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம். அளவு தவறினால் மட்டும் மாற்றுகிறோம். மாற்றினால் பழையதைத் தூக்கி எறிவதில்லை. மாற்றிய பின் இரண்டு வாரம் அம்மா நகரத்தைத் தாண்டிப் போவதில்லை. 2026இல் புதுப்பிக்கலாமா என்பதை அதுவரை சேரும் மூன்று சீட்டுகளைப் பார்த்து முடிவு செய்வோம்.

மகள் முழுவதும் இணங்கவில்லை. நஞ்சன்கூட்டிலிருந்து பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஐந்தாவது வரியை அவள் சேர்த்தாள். அம்மா அதற்கு ஒப்புக்கொண்டார்.